கடுகுச் செடியில் கோளாறா? மருந்துக்கு முன்னால் இலையைத் திருப்பிப் பாருங்கள்

கடுகு போட்டவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இலை மஞ்சளாகுது, என்ன மருந்து அடிக்கலாம்?" பதிலுக்கு நான் மூன்று கேள்வி கேட்பேன். விதைத்து எத்தனை நாள் ஆச்சு? மஞ்சள் அடி இலையிலா, குருத்திலா? கொல்லை முழுக்கவா, அங்கங்கே திட்டாகவா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் தெளிப்பானைத் தோளில் மாட்டினால் பணமும் போகும், தேனீயும் போகும்.

நம் அஞ்சறைப் பெட்டிக்கு வரும் கடுகில் பெரும்பகுதி ராஜஸ்தான், ஹரியானா, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசப் பக்கம் விளைவது. கடுகுக்கென்றே ராஜஸ்தானின் பரத்பூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடுகைத் தனிப்பயிராகப் போடுகிறவர்கள் குறைவு. ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து ராகிக் கொல்லைகளில் அவரை, பேயெள்ளு, ஆமணக்கோடு கடுகும் சால் விட்டுப் போட்டு வந்திருக்கிறோம். இப்போது கீரைக்காகவும் விதைக்காகவும் மாடித் தோட்டத்தில் போடுகிறவர்கள் நிறையப் பேர். கீழே உள்ளது அரை ஏக்கர், ஐந்து சென்ட், பத்துப் பை என்று சிறிய அளவில் போடுகிறவர்களுக்காக எழுதியது. செடியில் கண்ணுக்குத் தெரிவது எதுவோ அந்தத் தலைப்பிலிருந்து படியுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடுகு குளிர் காலப் பயிர். பத்து டிகிரியிலிருந்து இருபத்தைந்து டிகிரி வரை அதற்குச் சொகுசு. புரட்டாசிக் கடைசி, ஐப்பசியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழிக் குளிரில் பூத்துக் காய்த்துவிடும். மார்கழியில் விதைத்துவிட்டு மாசி வெயிலில் பூவை எதிர்பார்த்தால், கீழே வரும் கோளாறுகளில் பாதி உங்கள் கொல்லைக்கு வந்து சேரும்.

விதைத்து ஒரு வாரம் ஆச்சு, முளைப்பு இல்லை

நல்ல ஈரத்தில் கடுகு மூன்றிலிருந்து ஐந்து நாளில் மண்ணுக்கு வெளியே வந்துவிடும். ஏழாம் நாளும் வரவில்லை என்றால் இன்னும் காத்திருக்க வேண்டாம். சாலில் ஒரு சாண் நீளத்துக்கு மேல்மண்ணைக் குச்சியால் மெல்லக் கிளறிப் பாருங்கள்.

வெள்ளை முளை வளைந்து மடங்கி மேலே வர முடியாமல் கிடந்தால், மண் மேலே பொருக்கு தட்டியிருக்கிறது. செம்மண்ணில் விதைத்த மறுநாள் பெருமழை பெய்து அடுத்த நாள் வெயில் அடித்தால் மேல்மண் அப்பளம் மாதிரி இறுகிவிடும். கடுகு முளைக்கு அதை உடைக்கும் பலம் கிடையாது. பூவாளியால் லேசாக நனைத்து, முள்ளுக்கொத்தை மேலோட்டமாக இழுத்துவிட்டால் இரண்டு நாளில் தலை காட்டும்.

முளைத்த விதை ஆழத்திலேயே மஞ்சளாகச் சோர்ந்து கிடந்தால் ஆழம் அதிகம். இரண்டு, மிஞ்சினால் மூன்று சென்டிமீட்டர் போதும். விதையே கண்ணில் படவில்லை என்றால் எறும்புப் புற்றைத் தேடுங்கள். விதை இருக்கிறது, ஊறி உப்பி அழுகியிருக்கிறது என்றால் விதை பழசு, அல்லது தண்ணீர் தேங்கியிருக்கிறது.

மளிகைக் கடைக் கடுகைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கீரைக்குத் தாராளமாகப் போடலாம், முளைக்கும். ஆனால் முதலில் நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்து, நான்காம் நாள் எத்தனை முளைத்தது என்று பாருங்கள். எண்பதுக்கு மேல் முளைத்திருந்தால் விதைக்கலாம். விதை எடுக்க வேண்டும் என்றால் ரகத்தின் பெயர் தெரிந்த விதையே நல்லது. கடை மூட்டையில் நாலைந்து ஊர்க் கடுகு கலந்து கிடக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் பூக்கும்.

முளைத்தது நன்றாக, ஆனால் நூல் மாதிரி நெட்டையாக வளைகிறது

இது நோய் இல்லை, நெருக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை, அதாவது சென்ட்டுக்கு இருபது கிராம். ஆயிரம் விதை ஏறத்தாழ ஐந்து கிராம்தான் இருக்கும். அப்படியானால் ஒரு சென்ட்டில் நாலாயிரம் விதை விழுகிறது. சாலுக்குச் சால் ஒரு அடி, செடிக்குச் செடி பத்து சென்டிமீட்டர் என்று விட்டால் அந்த ஒரு சென்ட்டில் நிற்கக்கூடியது ஆயிரத்து முந்நூறு, நானூறு செடி. மீதியைப் பதினைந்தாம் நாளிலிருந்து இருபதாம் நாளுக்குள் பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும்.

மனசு வராது, தெரியும். நல்லாத்தானே இருக்கு என்று விட்டுவிடுவோம். பிடுங்கியதைக் கீரையாகக் கடைந்து சாப்பிடுங்கள், அந்த வயதில் இலையில் காரம் இதமாக இருக்கும். கலைக்காமல் விட்ட பாத்தியில் கிளை பிரியாது, காற்று அடித்தால் மொத்தமாகச் சாயும், அடியில் காற்றோட்டம் இல்லாமல் இலைப்புள்ளியும் முதலில் அங்கேதான் வரும். விதைக்கும்போதே நன்றாகச் சலித்த மணலோடு கலந்து தூவினால் பாதி நெருக்கம் குறையும்.

இளஞ்செடி இலையில் ஓட்டை, அல்லது இலையே இல்லை

ஓட்டையின் உருவத்தைப் பாருங்கள். குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னதாக நிறைய இருந்தால், தொட்டால் துள்ளிக் குதிக்கும் மிகச் சிறிய கருவண்டு. செடி நான்கு இலை தாண்டிவிட்டால் அது பெரிய தொந்தரவு இல்லை.

விளிம்பிலிருந்து பெரிய பெரிய துண்டாகக் காணாமல் போயிருந்தால் காலை ஏழு மணிக்குள் போய்ப் பாருங்கள். கருத்த புழு ஒன்று இலை விளிம்பில் இருக்கும். விரலால் தொட்டதும் சுருண்டு தரையில் விழுந்து செத்தது போல் கிடக்கும். ரம்ப ஈ என்று சொல்வார்கள், அதன் புழு இது. வெயில் ஏறினால் மண் கட்டிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பூச்சியே இல்லை என்று சொல்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். சில சென்ட் என்றால் தொடும்போது விழும் குணத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம்: சோப்புத் தண்ணீர் ஊற்றிய முறத்தையோ அகலத் தட்டையோ கீழே பிடித்துச் செடியைத் தட்டுங்கள். பரப்பு அதிகம் என்றால் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். பத்து லிட்டருக்கு அரைக் கிலோ கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊற வைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடிக்க வேண்டும்.

இலையில் ஓட்டை இல்லை, வெளிறிய திட்டுகள் விழுந்து செடி துவண்டு காய்கிறது என்றால் தரையைப் பாருங்கள். கருப்பு உடம்பில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட தட்டைப் பூச்சி ஓடும். சாறு உறிஞ்சும் இனம், வறண்ட மண்ணில் பெருகும். ஒரு தண்ணீர் பாய்ச்சினாலே கணிசமாகக் குறையும். அறுவடைச் சமயத்தில் திரும்பவும் வந்து களத்தில் குவித்த கதிரில் உட்காரும், அதனால் அறுத்ததைப் பல நாள் குவித்து வைக்க வேண்டாம்.

இலை மஞ்சளாகிறது

இங்கேதான் நான் ஒரு வருஷத்தையே தொலைத்தேன். முதல் முறை அரை ஏக்கரில் தனிக் கடுகு போட்டபோது முப்பதாம் நாள் குருத்து வெளுத்தது. ஒரு உரக்கடையில் கேட்டேன். "தழைச்சத்து பத்தல, யூரியா போடுங்க" என்றார்கள். போட்டேன். அடி இலை கரும்பச்சையாகச் செழித்தது, குருத்து இன்னும் வெளுத்தது. மறுபடியும் போட்டேன். பூ வந்தபோது வழக்கமான அடர் மஞ்சள் நிறமே இல்லை, மோர் நிறத்தில் வெளிறி இருந்தது. காய் கட்டியது சொற்பம்.

அது தழைச்சத்துக் குறைவே இல்லை. கந்தகக் குறைவு. யூரியா போடப் போட, இருந்த கொஞ்சக் கந்தகமும் வளர்ச்சிக்கு எட்டாமல் போனது.

வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. தழைச்சத்து செடிக்குள் நகரும். குறைந்தால் செடி தன் பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும், அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். கந்தகம் அவ்வளவு சுலபமாக நகராது, அதனால் குருத்து முதலில் வெளுக்கும். கந்தகம் குறைந்த கடுகின் இளம் இலையைக் கிள்ளிக் கையில் வைத்துப் பாருங்கள். கரண்டி மாதிரி உட்பக்கமாகக் குழிந்திருக்கும். திருப்பினால் அடிப்பக்கத்தில் நரம்பை ஒட்டி ஊதாச் சாயல் தெரியும். இலை தடித்து, மடித்தால் சட்டென்று ஒடியும். ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இன்னொரு துப்பு உரப் பையில் இருக்கிறது. அடியுரமாக என்ன போட்டீர்கள்? சூப்பர் பாஸ்பேட் போட்டிருந்தால் அதிலேயே நூற்றுக்குப் பதினொரு பங்கு அளவுக்குக் கந்தகம் உண்டு. டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) போட்டிருந்தால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிடைத்திருக்கும், கந்தகம் கிடைத்திருக்காது. சூப்பரை விட்டு டிஏபிக்கு மாறிய கொல்லைகளில் இந்த வெளுப்பு வருவதற்குக் காரணம் இதுதான். மற்றப் பயிர் சமாளித்துக்கொள்ளும். கடுகு முடியாது. அதன் காரத்தையும் நெடியையும் தரும் பொருள்களே கந்தகத்தால் ஆனவை, எண்ணெய் கூடுவதற்கும் கந்தகம் வேண்டும்.

நிற்கிற பயிருக்கு உடனே வேண்டும் என்றால் அமோனியம் சல்பேட். அதில் நூற்றுக்கு இருபத்து நான்கு பங்கு கந்தகம், வேர் எடுத்துக்கொள்ளும் நிலையிலேயே இருக்கிறது. சென்ட்டுக்குக் கால் கிலோ சாலோரம் தூவி, மண் அணைத்து, தண்ணீர் விடுங்கள். பத்து நாளில் புதிதாக வரும் குருத்தின் நிறத்தைப் பாருங்கள், பழைய இலை தேறாது. அடுத்த பருவத்துக்கு ஏக்கருக்கு நூறு கிலோ ஜிப்சம் கடைசி உழவில் போட்டுவிடுங்கள். ஜிப்சம் மெதுவாகக் கரைவது, முப்பதாம் நாளில் தூவிவிட்டு மறுவாரம் பலன் எதிர்பார்க்கக் கூடாது.

மற்ற மஞ்சள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குருத்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் வெளுத்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவு, சுண்ணாம்பு மண்ணில் வரும். பள்ளமான இடத்தில் மட்டும் திட்டாக மஞ்சள் என்றால் தண்ணீர் தேக்கம், வடிகால் எடுத்தால் போதும். அடி இலை ஊதா ஓடி வளர்ச்சி நின்றிருந்தால் மணிச்சத்துக் குறைவைச் சந்தேகிக்கலாம், ஆனால் கடுங்குளிரிலும் அப்படி ஆவது உண்டு. காய் முற்றும் நேரத்தில் அடி இலை மஞ்சளாகி உதிர்வது செடியின் இயல்பு.

எதுவென்று நிச்சயமில்லையா? நான்கு அடி சதுரம் மட்டும் குறித்துக்கொண்டு அதில் போட்டுப் பாருங்கள். பத்து நாள் பொறுமையில் மொத்தக் கொல்லையும் தப்பும்.

இலையில் வெள்ளை

வெள்ளை எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

இலையின் மேல்பக்கத்தில், விபூதி பூசியது போல, விரலால் தேய்த்தால் போகிறது என்றால் சாம்பல் நோய். வெயில் ஏறிய பிறகு, தாமதமாக விதைத்த பயிரில் வரும். காய் முற்றிக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பூ நேரத்திலேயே வந்துவிட்டால் நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு இரண்டு கிராம் கலந்து மாலையில் அடிக்கலாம், வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும்.

அடிப்பக்கத்தில், குண்டுமணியை விடச் சிறியதாக, மேடிட்ட வெள்ளைக் கொப்புளம், தேய்த்தால் உடைந்து மாவு கொட்டுகிறது, அதே இடத்தில் மேல்பக்கம் மஞ்சள் புள்ளி தெரிகிறது என்றால் வெண்துரு. குளிரும் பனியும் மப்பும் சேர்ந்தால் வேகமாகப் பரவும். இதன் கொடூரம் பூங்கொத்தில் தெரியும்: பூத்தண்டு வீங்கி முறுக்கிக்கொண்டு மான்கொம்பு போல நிற்கும், அதில் ஒரு காய்கூடக் கட்டாது. அந்தக் கொம்புக்குள் நோயின் விதைகள் லட்சக்கணக்கில் அடுத்த பருவத்துக்காகக் காத்திருக்கும். அதனால் கண்ணில் பட்டவுடன் ஒடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள், குப்பைக் குழியில் போட வேண்டாம். பரவல் தொடங்கிவிட்டால் மேன்கோசெப் என்ற பூஞ்சாணக்கொல்லி லிட்டருக்கு இரண்டு கிராம், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை. கீரை பறிக்கும் பாத்தியில் இதை அடிக்கக் கூடாது.

கோலம் போட்டது போல வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி

அடி இலையில் ஆரம்பித்து மேலே ஏறும். வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும் இலைக்கருகல் இது. இலையில் இருக்கும்வரை பெரிதாக மிரள வேண்டாம். காயில் கருப்புப் புள்ளி விழுந்தால்தான் நஷ்டம், உள்ளே விதை சுருங்கிச் சாவியாகும். நோய் கண்ட அடி இலைகளைப் பறித்து அகற்றுவது, நெருக்கத்தைக் குறைப்பது, மாலையில் இலை நனையத் தெளிப்பு நீர் விடாமலிருப்பது ஆகிய மூன்றும் சின்னத் தோட்டத்துக்குப் போதும். புள்ளி விழுந்த காயிலிருந்து அடுத்த பருவத்துக்கு விதை எடுக்காதீர்கள்.

பூங்கொத்தில் மாவு அப்பியது போலப் பூச்சி, கீழ் இலை பிசுபிசுக்கிறது

அசுவினி. கடுகுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது, வடக்கேயும் அப்படித்தான். மந்தமான குளிர், மேகமூட்டம், காற்றில் ஈரம் மூன்றும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் தண்டே தெரியாமல் மூடிவிடும். ஆணின் துணை இல்லாமலே பெண் பூச்சி குட்டி போடும், அதனால்தான் அந்த வேகம். பிசுபிசுப்பு அதன் கழிவு. அதன்மேல் கரும்பூசணம் படரும், எறும்பு ஏறும்.

பார்த்த மாத்திரத்தில் மருந்தடிக்க வேண்டாம். எண்ணுங்கள். கொல்லையில் குறுக்கே நடந்து அங்கங்கே பத்துச் செடியில் நடுத்தண்டின் நுனி பத்து சென்டிமீட்டரை மட்டும் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துத் தட்டினால் எண்ணுவது சுலபம். சராசரி இருபத்தாறு, இருபத்தெட்டைத் தொட்டால்தான் மருந்துக்குச் செலவழித்த பணம் திரும்பும் என்பது கடுகு ஆராய்ச்சியாளர்கள் வகுத்த கணக்கு.

எண்ணும்போதே இன்னொன்றையும் தேடுங்கள். அசுவினிக் கூட்டத்தின் நடுவில் ஒன்றிரண்டு மட்டும் பழுப்பாக, உருண்டு உப்பி, காகிதம் போல உலர்ந்து, இலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? லென்ஸ் இருந்தால் முதுகில் வட்டமாக வெட்டிய ஓட்டை தெரியும். மிகச் சிறிய குளவி ஒன்று அசுவினிக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று, அந்த ஓட்டை வழியாக வெளியே வந்திருக்கிறது. பொறிவண்டின் புழுவையும் பாருங்கள். முதலை மாதிரி நீண்டு, கருஞ்சாம்பலில் ஆரஞ்சுப் புள்ளியோடு இருக்கும். இதைப் பூச்சி என்று நினைத்து நசுக்குகிறவர்கள் எத்தனை பேர்! ஒரு புழு தன் காலத்தில் நூற்றுக்கணக்கில் அசுவினி தின்னும். இவை இரண்டும் கண்ணில் பட்டால் ஐந்து நாள் பொறுத்து மறுபடி எண்ணுங்கள். பல முறை எண்ணிக்கை தானாக இறங்கிவிடும்.

இறங்கவில்லை என்றால் முதலில் கூட்டம் பிடித்த நுனிகளை மட்டும் கிள்ளி எடுங்கள், ஆரம்பத்தில் வரப்போரச் செடிகளில்தான் இருக்கும். மாடியில் என்றால் குழாயின் பீச்சும் தண்ணீரே போதும். கீழே விழுந்தது திரும்ப ஏறுவது அரிது. அப்புறம் வேப்பெண்ணெய், லிட்டருக்கு ஐந்து மில்லி, சோப்புக் கரைசலோடு, பூச்சியின் உடம்பில் படும்படி. ரசாயன மருந்துதான் வேண்டும் என்ற கட்டம் வந்தால் உங்கள் வேளாண்மை அலுவலரிடம் பயிரின் பெயரையும் நாளையும் சொல்லிக் கேளுங்கள், அளவைக் கடைக்காரர் ஊகத்துக்கு விடாதீர்கள். அடிப்பது மாலை நாலு மணிக்கு மேல். காலையிலிருந்து மூன்று மணி வரை பூவில் தேனீ இருக்கும், அவற்றைக் கொன்றுவிட்டுக் காய்ப்பை எதிர்பார்க்க முடியாது.

சீக்கிரம் விதைத்த கொல்லை பெரும்பாலும் அசுவினி உச்சத்துக்கு முன்பே காய் பிடித்துவிடும். யூரியா அதிகம் தின்ற செடியில் அசுவினி அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூ நிறைய, காய் இல்லை

மூன்று காரணம் உண்டு. பகல் வெயில் முப்பது டிகிரியைத் தாண்டினால் பூ கருகி உதிரும், பூத்தண்டில் வெறும் காம்பு மட்டும் ஏணிப்படி மாதிரி நிற்கும். இதற்கு மருந்தே இல்லை, அடுத்த முறை தேதியை முன்னால் தள்ளுவதுதான் வழி. இரண்டாவது போரான் குறைவு. தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள், நடுவே பழுப்பாகி வெற்றுக் குழலாக இருந்தால் அதுதான். பூ விடும் முன் போராக்ஸ் லிட்டருக்கு இரண்டு கிராம் தெளிக்கலாம். மண்ணில் போடுவதானால் ஏக்கருக்கு நாலு கிலோ, அதற்கு மேல் வேண்டாம். போரானில் குறைவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் கம்மி. மூன்றாவது பூக்கும் நேரத்தில் மண் காய்வது. கடுகுக்கு அதிகத் தண்ணீர் வேண்டாம், ஆனால் பூ தொடங்கும்போதும் காய் பிடிக்கும்போதும் ஈரம் தவறக் கூடாது.

மாடித் தோட்டக்காரர்கள் சொல்வது வேறு: முக்கால் அடிச் செடியிலேயே பூ வந்துவிட்டது என்று. சின்னப் பை, சூடான தளம், வேருக்கு இடமில்லை. செடி அவசரப்படுகிறது. ஒரு அடி ஆழமாவது உள்ள பையில், சுவரின் நிழல் மதியத்துக்கு மேல் விழும் இடத்தில் வையுங்கள். பூ வந்த செடியின் இலை கசக்கும், கீரைக்கு அந்தப் பூக்கொத்தையே பறித்து வதக்கலாம்.

பூ இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாகச் சின்னச் சின்ன இலைக்கொத்து இருந்தால் எள்ளில் வருவது போன்ற பூ இலையாகும் நோய். தத்துப்பூச்சி பரப்புவது. ஒன்றிரண்டு செடிதான் இருக்கும், வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

நன்றாக நின்ற செடி திடீரென்று வெளுத்துச் சாய்கிறது

தண்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். பஞ்சு ஒட்டியது போல வெள்ளை வளர்ச்சி இருக்கும். தண்டைப் பிளந்தால் உள்ளே எலிப்புழுக்கை அளவில் கருப்புக் கட்டிகள் உருளும். தண்டழுகல். அந்தக் கட்டிகள் மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். செடியை அங்கேயே உதறாமல் முழுதாக எடுத்து எரியுங்கள், அந்தத் துண்டு நிலத்தில் இரண்டு மூன்று பருவத்துக்கு ராகி, மக்காச்சோளம், சோளம் என்று தானியம் போடுங்கள். கடுகுக்குப் பின் கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி போடுவது மாற்றுப் பயிர் ஆகாது, எல்லாம் ஒரே குடும்பம்.

தண்டு நன்றாக இருக்கிறது, ஆனால் செடியின் காலடியில் இலையே இல்லாமல், பச்சையே இல்லாமல், வெளிறிய ஊதாப் பூவோடு ஒரு குருத்து மண்ணிலிருந்து கிளம்பியிருந்தால் அது வேரில் ஒட்டி உறிஞ்சும் களை. புகையிலை விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும், புகையிலைக் காளான் என்பார்கள். அதன் இனம்தான் ராஜஸ்தான், ஹரியானாக் கடுகு விவசாயிகளை இன்றும் வாட்டுகிறது. பூத்து விதை கொட்டும் முன் பிடுங்குவதுதான் நம் கையில் இருப்பது. விதை தூசி மாதிரி, ஒரு செடியில் பல்லாயிரம்.

கோஸுக்குக் காவலாகப் போட்ட கடுகில் புழு மொய்க்கிறது

இது கோளாறே இல்லை, சந்தோஷப்படுங்கள். வைர முதுகு அந்துப்பூச்சி கோஸைவிடக் கடுகை விரும்பி முட்டையிடும். அதற்காகத்தான் இருபத்தைந்து சால் கோஸுக்கு இரண்டு சால் கடுகு என்று பரிந்துரைக்கிறார்கள். ஒரு சாலைக் கோஸ் நாற்று நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பும், இன்னொன்றை நட்ட இருபத்தைந்தாம் நாளும் விதைக்க வேண்டும். ஆனால் கடுகில் சேர்ந்த புழுவை அங்கேயே அழிக்க வேண்டும். விட்டுவிட்டால் அதே கடுகு பூச்சிப் பண்ணையாகிவிடும்.

காய் தானாக வெடித்து விதை கொட்டுகிறது

அறுவடை தள்ளிப் போய்விட்டது. எல்லாக் காயும் பழுக்கக் காத்திருக்கக் கூடாது. நூற்றுக்கு எழுபத்தைந்து காய் மஞ்சளானதும், காயைக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும் நேரத்தில், காலைப் பனி உலரும் முன் அறுங்கள். பனி ஈரத்தில் காய் வெடிக்காது. தார்ப்பாயில் போட்டு நாலைந்து நாள் காயவிட்டுத் தடியால் அடித்தால் போதும். விதையைப் பல்லில் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடைய வேண்டும், அதுவரை வெயிலில் வையுங்கள்.

அரைத்த கடுகில் காரமே இல்லை

வெந்நீர் ஊற்றி அரைத்திருப்பீர்கள். முழுக் கடுகை மோந்து பாருங்கள், நெடி இருக்காது. காரத்துக்கான பொருளும் அதை வெளியே கொண்டுவரும் நொதியும் விதைக்குள் தனித்தனி அறையில் இருக்கின்றன. நசுக்கித் தண்ணீர் பட்டால்தான் இரண்டும் கலந்து நெடி பிறக்கும். சூடு அந்த நொதியைக் கொன்றுவிடும். பச்சைத் தண்ணீரில் அரைத்துப் பத்து நிமிஷம் மூடி வையுங்கள். அப்படியும் காரம் மந்தமாக இருந்தால், உங்கள் கொல்லையில் அந்த வருஷம் குருத்து எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கந்தகம் குறைந்த கடுகில் காரமும் குறையும்.

விதையில் கருத்த, சொரசொரப்பான மணிகள் கலந்திருக்கின்றன

இதை மட்டும் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். பிரமதண்டு, குடியோட்டிப் பூண்டு என்று நாம் சொல்லும், மஞ்சள் பூப் பூக்கும் முள் இலைச் செடி வரப்போரத்திலும் தரிசிலும் கடுகு வளரும் அதே பருவத்தில் வளர்கிறது. அதன் விதை அளவில் கடுகு போலவே இருக்கும். அந்த எண்ணெய் கலந்ததைச் சாப்பிட்டால் கால் வீங்கி, மூச்சு முட்டி, இதயம் பழுதாகும், கண்ணும் பாதிக்கும். 1998இல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் இப்படி அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மூவாயிரத்துக்கும் அதிகமானோர் நோயுற்றார்கள். சூடாக்கினால் அந்த நஞ்சு போய்விடும் என்று நம்பக் கூடாது.

ஒரு பிடி விதையை வெள்ளைத் தட்டில் பரப்பி, வெளிச்சத்தில் விரலால் தள்ளிப் பாருங்கள். கடுகு வழவழப்பாக உருளும். பிரமதண்டு விதை கன்னங்கருப்பாக, வலை பின்னியது போன்ற மேடுபள்ளத்தோடு, ஒரு பக்கம் சின்ன மூக்குடன் இருக்கும். சந்தேகமானதை நகத்தால் அழுத்தி உடையுங்கள். உள்ளே மஞ்சள் என்றால் கடுகு, வெள்ளை என்றால் பிரமதண்டு. ஒரு பிடியில் ஒன்று கிடைத்தாலும் மொத்தத்தையும் சலித்து, முறத்தில் புடைத்து, மறுபடி தட்டில் பரப்பிப் பாருங்கள். அப்படியும் சுத்தமாகவில்லை என்றால் அந்த விதையைச் செக்குக்கும் அனுப்ப வேண்டாம், அடுத்த பருவத்துக்கு விதையாகவும் எடுத்து வைக்க வேண்டாம். கொல்லையைச் சுற்றி வந்து வரப்பில் நிற்கும் பிரமதண்டைக் காய் வெடிக்கும் முன் வேரோடு எடுத்துவிடுங்கள்.